இடது பின்சக்கரம்

நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். அண்ணன் வண்டியை மெதுவாக முன்னால் நகர்த்தினார். மூன்று பழங்கள் சத்தத்தோடு நசுங்கின. இடது பின்சக்கரத்துப் பழம் மட்டும் நசுங்காமல் வழுக்கி ஓடி, சாக்கடை ஓரத்தில் போய் நின்றது. ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சக்கரத்தை மாட்டியவன் நான்.

விருத்தாசலம் ஜங்ஷனுக்கு வெளியே அண்ணன் ஒரு பழைய அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை. சூளையிலிருந்து வரும் கப்புகளைக் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கப்பு 'ணிங்' என்னும். விரிசல் விட்டது 'தட்' என்னும். நாள் முழுக்கக் காதுக்குத்தான் உழைப்பு. லீவு நாட்களில் அண்ணனோடு வண்டி வேலை.

மழைக்காலம் வந்தால் எங்கள் ஊர்ச் சாலைக்கு வேறு குணம் வந்துவிடும். லாரிகள் சிந்திக்கொண்டு போகும் களிமண், முதல் தூறலில் கரைந்து, தார்மேல் விளக்கெண்ணெய் ஊற்றியதுபோல் படிந்துவிடும். மொட்டை டயரோடு அதில் பிரேக் பிடித்தால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. அந்த வருஷம் அண்ணனுக்கு அந்தப் பயம் அதிகமாக இருந்தது. அண்ணிக்குத் தலைப்பிரசவம். நிறைமாதமாகக் கருவேப்பிலங்குறிச்சியில் தாய்வீட்டில் இருந்தார். வலி கண்டால் இந்தச் சாலையில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர வேண்டும். அதற்காகவே மழைக்கு முன்னால் நாலு டயரும் புதிதாக வாங்கிவிட்டார்.

ஆயுத பூஜை அன்று காலையில் சக்கரங்களை மாட்டினோம். முந்தைய நாள் நான் அடித்த சில்வர் பெயிண்ட் சரியாகக் காயவில்லை. நட்டு உட்காரும் இடத்திலும் அப்பியிருந்தேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் கத்தினார்.

"பெயிண்டு மேல உக்காந்த நட்டு நிக்குமாடா? கப்பு சாசர் தட்டற கைக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது!"

டிரைவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், அன்றைக்கும் வந்தது. மூன்று சக்கரங்களை அவர் மாட்டினார், இடது பின்சக்கரம் எனக்கு. வண்டி ஜாக்கியில் நிற்கும்போது நட்டுகளை எதிரெதிராக லேசாகச் சுற்றி ஓட்டிவிட வேண்டும். சக்கரம் தரையில் இறங்கிய பிறகுதான் முழு பலத்தோடு முறுக்க வேண்டும். அண்ணன் நூறு தடவை சொன்ன பாடம் அது. நான் நட்டுகளை ஓட்டினேன், ஜாக்கியை இறக்கினேன், நட்டுகளை மறைக்கும் வீல் கப்பைத் தட்டி மூடினேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். வந்து முறுக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

திரும்பி வந்தபோது வீல் ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்தின் முன்னால் அடுக்கியிருந்தார்.

"டைட்டு வச்சிட்டல்ல?" என்றார்.

காலையில் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை. "வச்சாச்சு, வச்சாச்சு" என்றேன்.

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலை வரை யாரும் தொட மாட்டார்கள். வண்டியும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்குவதோடு சரி, அன்றைக்குச் சவாரி கிடையாது. விடிந்ததும் முதல் ஆளாக வந்து முறுக்கிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம்தான் அந்தப் பழம் நசுங்காமல் ஓடியது.

மூன்று மணிக்கு அண்ணனின் செல்போன் அடித்தது. அண்ணிக்கு வலி கண்டுவிட்டது.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினார். நான் பின்னாலேயே ஓடி, "ஸ்பேனர எடுத்துக்கலாமாண்ணா?" என்று கேட்டேன்.

"பூஜையில வச்சத இன்னிக்குத் தொடுவாங்களா? புத்தி இருக்குதா ஒனக்கு? ஏறு."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. ஏறி உட்கார்ந்தேன்.

போகும்போது ஒன்றும் கேட்கவில்லை. கரும்புக் கொல்லைகளுக்கு மேலே மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அண்ணியையும் அவருடைய அம்மாவையும் பின்சீட்டில் ஏற்றினோம். அண்ணி இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார், சரியாக அந்தச் சக்கரத்துக்கு மேலே. நான் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன். "ஒண்ணும் ஆவாது தம்பி, பயப்படாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். செத்துவிடலாம் போல இருந்தது.

ஊரைத் தாண்டியதும் மழை பிடித்தது. அண்ணன் விரட்டினார். அப்போதுதான் கேட்டது. தட். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, தட். பிறகு தட தட என்று, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுவதுபோல. மழைச் சத்தத்திலும் அண்ணியின் முனகலிலும் அண்ணனுக்கு அது கேட்கவில்லை. என் காதுக்கு வேறு எதுவுமே கேட்கவில்லை. கழன்ற நட்டுகள் வீல் கப்புக்குள் உருள்கின்றன. இனி எத்தனை மிச்சம்? சக்கரம் கழன்றால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று மனம் கணக்குப் போட்டது. அண்ணி பக்கம்தான்.

எதிரே வாய்க்கால் பாலம் வந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத பாலம்.

"நிறுத்துங்கண்ணா!"

"இப்ப எதுக்குடா..."

"நிறுத்துங்க!" கத்திய கத்தலில் என் தொண்டையே கிழிந்தது.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, பாலத்துக்கு முன்னால் ஓரங்கட்டினார். நான் குதித்து இடது பின்சக்கரத்துக்கு ஓடினேன், அவரும் பின்னாலேயே வந்தார். சாவியால் நெம்பி வீல் கப்பைக் கழற்றினார். மூன்று நட்டுகள் அவர் உள்ளங்கையில் விழுந்தன. மீதி இருந்தவை விரலால் சுற்றவே சுழன்றன.

அவர் நட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னா மாப்பிள்ள ஆச்சு?" என்று அண்ணியின் அம்மா ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"நாந்தான் அத்த. காலையில டைட்டு வைக்க மறந்துட்டேன்" என்றார் அண்ணன்.

சாலையோரம் மாதா கோயிலும் அதை ஒட்டி ஒரு டிராக்டர் ஷெட்டும் இருந்தன. நான் நனைந்துகொண்டே ஓடினேன். ஷெட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டதும், "எங்க வூட்டுல பூஜ ஏதுங்க, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று நாலு முனை ஸ்பேனரையும் ஜாக்கியையும் கொடுத்தார். ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியைத் தூக்கக் கூடாது. ஆகவே வலியோடு அண்ணியை இறக்கி ஷெட்டுக்கு நடத்திப்போனார்கள். அவர் தூணைக் கட்டிக்கொண்டு அலறினார். அந்த அலறல் ஒவ்வொன்றும் என் முதுகில் விழுந்தது.

முன்சக்கரம் உருளாமலிருக்க அண்டக்கல் வைத்து, ஜாக்கியை ஏற்றிவிட்டு, அண்ணன் ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். "எதிரெதிரா" என்றார், அவ்வளவுதான். ஓட்டினேன். இறக்கினோம். முறுக்கினேன். அவர் குனிந்து ஒவ்வொன்றையும் மறுபடி இழுத்துப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அரை மணிக்குள் பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் அண்ணி, பார்க்க வந்த எல்லோரிடமும் அண்ணனைக் கிழித்துக்கொண்டிருந்தார். "டிரைவராம் டிரைவரு! ஒரு நட்டு முறுக்கத் துப்பில்ல. தம்பி மட்டும் கத்தலன்னா நானும் புள்ளயும் வாய்க்கால்ல கெடப்போம்." அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் குழந்தையின் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருஷங்கள் போய்விட்டன. அண்ணியின் ஏச்சு இன்னும் ஓயவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அண்ணன் மூன்று சக்கரங்களை இழுத்துப் பார்த்துவிட்டு, நாலாவதுக்கு ஸ்பேனரை என்னிடம் நீட்டுவார். பூஜை முடியும்வரை அந்த ஸ்பேனர் சாமி முன்னால் போகாமல் டிக்கியிலேயே கிடக்கும்.

ஒரு வருஷம் அந்தப் பெண்தான் எலுமிச்சம்பழம் வைத்தாள். பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளியபடியே, "சித்தப்பா, நீங்கதான் எங்களக் காப்பாத்துனீங்களாமே, அம்மா சொன்னாங்க" என்றாள். அண்ணன் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி, கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா" என்றேன். அவர் வண்டியை எடுத்தார்.