பேர் தெரியாம எழுத மாட்டாரு

எங்க வீட்டுக்காரருக்கு ஆபீசுல வச்ச பட்டப்பேரு 'ஏழு நாள்'. கால்நடை ஆஸ்பத்திரி லேப்ல இருபத்தாறு வருஷமா ஆட்டுப் புழுக்கையைக் கரைச்சு, மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சு, குடற்புழு முட்டை எண்ணுற வேலை. கல்யாணமான புதுசுல "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"ன்னு யாராவது கேட்டா, "கவர்மென்ட் வேலை"ன்னு சொல்லி நிறுத்திக்குவேன். வேற என்னத்தைச் சொல்ல?

ஏழு நாள் எதுக்குன்னா, ஆட்டு வயித்துல இருக்கிற உருளைப் புழுவுல பல ரகம். முட்டையில பார்த்தா பெரும்பாலும் எல்லாம் ஒரே மூஞ்சி. எந்த ரகம்னு தெரியணும்னா, புழுக்கையைப் பாட்டில்ல போட்டு ஈரம் காயாம ஏழு நாள் வச்சு, பொரிஞ்சு வர்ற குட்டிப் புழுவோட வாலைப் பார்க்கணும். ஒரு தடவை அவசரத்துல குத்துமதிப்பா எழுதிக் கொடுத்து, தப்பான மருந்து போயி, யாரோ ஒருத்தரோட மந்தையில பாதி செத்துப்போச்சு. அன்னையிலிருந்து கண்ணால பார்க்காம எழுத மாட்டேன்னு ஒரே பிடி. கத்திரிக்காய் வாங்கப் போனாலும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக் கடைக்காரரைப் பைத்தியமாக்குற ஆளு.

அவரோட தங்கச்சிக்குப் பதினாலு ஆடு. புருஷன் போனப்புறம் அந்தப் பதினாலும்தான் அவளுக்குச் சோறு, பேச்சுத்துணை எல்லாம். நானும் அவளும் எலியும் பூனையும்தான். ஆனா அவ ஆடுகளைக் கொஞ்சுறதைப் பார்த்தா எனக்கே பொறாமையா இருக்கும்.

மழை ஓய்ஞ்ச வாரம் காலையிலேயே லேப் வாசல்ல வந்து நின்னிருக்கா. "அண்ணே, ரெண்டு போச்சு. மிச்சத்துக்கும் கண்ணு உள்ளே வெளுத்திருக்கு, தாடைக்குக் கீழே வீங்கியிருக்கு. போன மாசம் கொடுத்த மருந்து கேட்கல."

அவ கொண்டு வந்த புழுக்கையைக் கரைச்சுப் பார்த்தா முட்டை மொய்க்குது. டாக்டரம்மாவே சொன்னாங்களாம்: "ரத்தம் குடிக்கிற புழுவாத்தான் இருக்கும். உங்களுக்குத் தோணுறதை எழுதுங்க. ரிப்போர்ட் இருந்தா வேற மருந்து எடுத்துத் தர்றேன்." இவரு எழுதல. "தங்கச்சி ஆடுன்னா மட்டும் குத்துமதிப்பா மேடம்?"னு கேட்டுட்டுப் பாட்டிலை மூடி வச்சுட்டாரு. "உங்க வைராக்கியத்தைக் கொண்டுபோய் உடைப்புல போடுங்க!"ன்னு கத்தினேன். காதுல வாங்கினாத்தானே?

மூணாம் நாள் தங்கச்சிக்குப் போன் பண்ணாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். "அடுத்தது செத்தா புதைச்சிடாதே. சூடு ஆறுறதுக்குள்ள எங்கிட்ட கொண்டு வந்துடு"ன்னாரு.

அடப்பாவி மனுஷா! அவரு சொன்னது என்னவோ சரிதான். வயித்தைத் திறந்தா அந்தப் புழு சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கின மாதிரி வெறும் கண்ணுக்கே தெரியும். பத்து நிமிஷத்துல பேர் சொல்லி மிச்சத்தைக் காப்பாத்தியிருப்பாரு. லேப்ல அது தினமும் புழங்குற பேச்சு. ஆனா கேட்டவ லேப்காரி இல்லையே. அண்ணன் ஒரு சாவுக்குக் காத்துக்கிட்டு இருக்கான்னுதான் அவ காதுல விழுந்திருக்கு. அன்னைக்கு வச்ச போனை அவ அப்புறம் எடுக்கவேயில்லை. ஒண்ணொண்ணா விழ விழ, ஒண்ணைக்கூடக் கொண்டு வரல. நேர்ல போய்ப் பாருங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். "கையில பேர் இல்லாம எந்த மூஞ்சியோட போறது?"ன்னு உட்கார்ந்துட்டாரு.

ஏழாம் நாள் பார்த்தாரு. டாக்டரம்மா முதல் நாளே சொன்ன அதே புழு. மருந்தை வாங்கிக்கிட்டு, என்னையும் இழுத்துக்கிட்டு ஓடினாரு.

பட்டி காலி. தங்கச்சி அதைக் கூட்டிக்கிட்டு இருந்தா. "புழு எதுன்னு தெரிஞ்சுடுச்சும்மா"ன்னு இவரு மருந்து பாட்டிலை நீட்டினாரு. அவ துடைப்பத்தைக் கீழே வைக்கல. வேலிக்கு அந்தப் பக்கம் புது மண்ணைக் காட்டினா.

"பதினாலும் அங்கதான் இருக்கு. இன்னும் பார்க்கணும்னா தோண்டிப் பாத்துக்க."

அவரு அப்படியே மண்ணுல உட்கார்ந்து வாய்விட்டு அழுதாரு. வழியெல்லாம் திட்டணும்னு சேர்த்து வச்சிருந்ததெல்லாம் மறந்துபோச்சு. ரெண்டு பேருல யாரைப் போய்ப் பிடிக்கிறதுன்னும் தெரியல.

தங்கச்சி என் பக்கம் திரும்பினா. "அண்ணி, உள்ளே பானையில தண்ணி இருக்கு. அவருக்குக் குடிக்கக் கொடுங்க. என்னால முடியல."

நான்தான் கொடுத்தேன். அதுக்கப்புறம் அவ எங்க வாசப்படி மிதிக்கல.