கைதச்சக்கை பூசிய முகம்

மென்மையான சருமத்துக்கென்றே செய்த க்ரீமாம். குப்பியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், பப்பாளிச் சாறு, அன்னாசிச் சாறு, ஆரஞ்சுச் சாறு. பூசிய மறுநாளே மகளின் கன்னம் சிவந்து தடித்துவிட்டது. "பழந்தானேம்மா, ஒண்ணும் செய்யாது" என்கிறாள். ஆத்திரத்தில் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். மிட்டாய் வாசனை. நிஜ அன்னாசியின் வாசனையை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

குழித்துறைச் சந்தையில் பழம் வாங்கிவந்து மசிப்பதுதான் என் முதல் உத்தியோகம். பின்தெருவில் லீலா அக்கா பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். மட்டி வாழைப்பழமும் பப்பாளியும் மசிப்பேன். பாதி அடுத்தவர் முகத்துக்குப் போகும், மீதி என் வாய்க்குள் போகும். அழகுக்கலையில் இறங்கி நான் குண்டானதுதான் மிச்சம்.

ஒருநாள் ஜெபா என்ற கல்யாணப் பெண்ணை அவள் சித்தி கூட்டிவந்தாள். சித்தி துபாயிலிருந்து வந்தவள், எல்லாம் தெரிந்தவள். கைதச்சக்கைதான் பூச வேண்டும் என்று நின்றாள். எங்கள் பக்கம் அன்னாசிக்கு அதுதான் பெயர். ஜெபாவுக்கோ சோப்பை மாற்றினாலே தடிக்கிற தோல்.

"பழந்தானே, என்ன செய்யும்? அங்க எல்லாரும் இதத்தான் போடுதாவ."

"அங்க போடட்டும். இந்தப் பிள்ளைக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளறைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து, நான் தின்ன நறுக்கி வைத்திருந்த கைதச்சக்கைத் துண்டை எடுத்துச் சித்தியே ஜெபாவின் முகத்தில் தேய்த்துவிட்டாள்.

"சித்தி, எரியுது."

"எரிஞ்சாத்தான் பளபளக்கும், சும்மா இரிட்டி."

அக்கா ஓடிவந்து கழுவி, பொழுது சாயும்வரை ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கிவிட்டது. மறுநாள் கல்யாணம். சித்தி அசரவில்லை. "பவுடர் போட்டு மறைச்சிரலாம்."

"இந்த மொகத்துல ஒரு துளி பவுடர் படப்பிடாது" என்றாள் அக்கா.

"கலியாணத்தக் கெடுக்கப் பாக்கியளா?"

ஈரத்துணியை விலக்கிவிட்டு ஜெபா சொன்னாள். "நான் இப்பிடியே போறேன், சித்தி."

அப்படியே போனாள். தேவாலயத்தில் மாப்பிள்ளை அவளைப் பார்த்து, "வேதனிக்கா?" என்று மெல்லக் கேட்டு, தன் கைக்குட்டையை நனைத்துவரச் சொல்லி என்னிடம் கொடுத்தான். அவள் சிரித்தாள். அழுதது நான்தான்.

பார்லர்க்காரிதான் முகத்தைக் கெடுத்தாள் என்று சித்தி ஊரெல்லாம் சொன்னாள். அக்காவும் பழம் பூசுவதையே விட்டுவிட்டாள். தோல் சிணுங்குகிற பிள்ளைகள் வந்தால், "ஒண்ணும் வேண்டாம், வெறும் வெள்ளத்துல கழுவு மக்களே" என்று தண்ணீர்க் குழாயைக் காட்டித் திருப்பி அனுப்புவாள். இப்படி அனுப்பினால் கடை எத்தனை நாள் ஓடும்?

அங்கே இப்போது கண்ணாடிக் கதவு போட்ட அழகுசாதனக் கடை. மகள் அந்த க்ரீமை வாங்கியதும் அங்கேதான். மகளின் கன்னத்தைப் பற்றி முறையிட்டால், "செட் ஆவ கொஞ்ச நாளாவும் மேடம்" என்கிறாள் அங்கு நிற்கிற பெண். வந்தவளிடம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும் ஒருத்தி இதே இடத்தில் இருந்தாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மாதுளைச் சாறு போட்ட வேறொரு குப்பியை எடுத்து நீட்டிவிட்டாள்.