கணக்கில் வராத அறுபத்து நான்கு மணி

இந்த வருடம் எங்கள் தெருவிலிருந்து நான்கு பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்கள். நான்கு வீட்டிலும் அவர்களுக்கு முன்னால் கல்லூரிப் படி ஏறியவர் யாரும் இல்லை. பை வாங்கியாகிவிட்டது, செருப்பு வாங்கியாகிவிட்டது. வருகைப் பதிவைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

போன வருடம் என் பேத்தி, என் மகனின் ஒரே பெண், முதலாண்டு சேர்ந்தாள். நாங்கள் இருப்பது எர்ணாவூர். ஷேர் ஆட்டோ பிடித்து மெட்ரோ நிலையம், அங்கிருந்து ரயிலில் கல்லூரி. மகன் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான்; மாதத்தில் பாதி நாள் வெளியூர்ச் சாலையில் இருப்பான். மருமகள் காலை ஆறரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். வீட்டில் மிச்சம் நான். துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணி எழுதுவதுதான் அந்த வேலை. நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஆக ஐந்து. ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் ஆகியும் கை நிற்கவில்லை. பேத்தி காலையில் வாசல் தாண்டினால் என் நோட்டில் ஒரு கோடு விழும். பக்கத்திலேயே புறப்பட்ட நேரமும் திரும்பிய நேரமும்.

அவள் பெயர் சேர்க்கையின் மூன்றாவது பட்டியலில்தான் வந்தது. அதனால் ஒன்பது வேலைநாள் தாமதமாகச் சேர்ந்தாள். சேர்ந்த அன்று மகன் ஒன்று சொன்னான்: "ஒரு செமஸ்டர் பாக்கறேன் நைனா. சரியா வரலன்னா வண்ணாரப்பேட்டை துணிக்கடைல பில்லு போடட்டும். தோஸ்து ஒருத்தன் கேட்டுகினே கீறான்." அவள் அருகில்தான் நின்றிருந்தாள். அன்றிலிருந்து அந்தத் துணிக்கடை எங்கள் வீட்டுக்குள் ஒரு ஆளைப் போல உட்கார்ந்திருந்தது.

முதல் மாதம் என்னால் அவளுக்குத் தொல்லைதான். கால அட்டவணையைப் பார்த்து, திங்கள் என்றால் இந்த நோட்டு, செவ்வாய் என்றால் அந்த நோட்டு என்று காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி மாட்டினேன். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வேறு நோட்டுகளை எடுத்து வைத்ததைப் பார்த்துக் கத்தினேன்.

"தாத்தா, இன்னிக்கு டே ஆர்டர் ஒண்ணு. நேத்து லீவு வுட்டாங்க இல்ல?"

"செவ்வாய்க்கெழம எப்டி ஒண்ணாவும்?"

"காலேஜ்ல கெழம கெடயாது தாத்தா. ஆறு நாள் சுத்தி சுத்தி வரும். லீவு வந்தா அந்த நாள் அப்டியே தள்ளிக்கும்."

பிள்ளைகளே, இதை முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் என்னைப் போல ஒருவர் வாசலில் நின்று கத்துவார்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தபோது ஒரு நாள் மதியம் இரண்டு பத்துக்கு அவளிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியல். வருகை குறைந்தவர்கள் முப்பத்தொரு பேர். இருபத்தாறாவது வரிசையில் அவள் எண். எதிரே எழுபது புள்ளி ஒன்பது. நூற்றுக்கு எழுபத்தைந்து இல்லாதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. ஹால் டிக்கெட் வாங்க மறுநாள் மாலை நான்கு மணிதான் கடைசி. படத்துக்குக் கீழே அவள் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள்: "அப்பா கிட்ட சொல்லாத."

நான் நோட்டை எடுத்தேன். மொத்தம் தொண்ணூறு வேலைநாள். சேர்வதற்கு முன் போனது ஒன்பது, காய்ச்சல் இரண்டு. என் கோடுகள் எழுபத்தொன்பது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர வகுப்பு. அப்படியானால் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. பட்டியலின்படி முந்நூற்றுப் பத்தொன்பது. எழுபத்தாறு மணி நேரத்தைக் காணவில்லை. மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் அதே எழுபத்தாறு.

ஐந்தேகாலுக்கு அவள் வந்தாள். பையை இறக்கக்கூட விடவில்லை.

"எழுவத்தாறு மணி நேரம் எங்க போன?"

"காலேஜுக்குத்தான் போனேன்."

"பொழுதுக்கும் காலேஜ்தானா?"

அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "பன்னெண்டு தபா லேட்டு. டிரெய்லர் வரிசைல ஆட்டோ மாட்டிக்கும். அஞ்சு நிமிசம் லேட்டானாலும் மொத ஹவருக்கு ஆப்சென்ட் போட்ருவாங்க. உள்ள வுடுவாங்க, உக்காந்து கேப்பேன். ஆனா ஆப்சென்ட்டுதான்."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா நீ அஞ்சு மணிக்கே எழுப்புவ."

எழுப்பியிருப்பேன்தான். ஆனால் அது என் மூளையில் வேறு மாதிரி வேலை செய்தது. பன்னிரண்டை மறைத்தவள் மீதியை மறைக்க மாட்டாளா? எழுபத்தாறில் பன்னிரண்டு போக அறுபத்து நான்கு.

"சரி, பன்னெண்டு. பாக்கி அறுவத்து நாலு?"

"தெரியாது தாத்தா."

"சினிமாவா? பீச்சா? கூட யாரு?"

கேட்டிருக்கக் கூடாது. அவள் அழவில்லை. பையை இறக்கி ஆணியில் மாட்டினாள். அன்று சாப்பிடவும் இல்லை. மருமகள் வந்து என்னவென்று கேட்டதற்குத் தலைவலி என்றாள். அப்பாவிடம் சொல்லாதே என்றதை நான் காப்பாற்றினேன். அது ஒன்றைத்தான் காப்பாற்றினேன்.

மறுநாள் இருவரும் கிளம்பினோம். ஆட்டோவுக்குள் தூசியும் டீசல் புகையும். துறைமுகத்துக்குள் போக வரிசையில் நின்ற டிரெய்லர்களை எண்ணினேன், ஐம்பத்து மூன்று. மெட்ரோவில் எனக்கும் அவளுக்கும் நடுவே மூன்று இருக்கை காலி. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

கல்லூரி வாசலில் காவலாளியிடம் ஒரு கையெழுத்து, அலுவலகத்தில் ஒரு வரிசை. எனக்கு முன்னால் பதினேழு பேர். என் முறை வந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. நோட்டைப் பிரித்து ஜன்னலுக்குள் நீட்டினேன். உள்ளே இருந்தவர் கோடுகளைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இன்னா பெரியவரே இது? பால் கணக்கா?"

"எம் பேத்தி காலேஜுக்கு வந்த கணக்கு. எழுவத்தொம்போது நாளு."

"வூட்லேர்ந்து கெளம்புன கணக்கு இது. இங்க வந்த கணக்கு எங்க புக்குலதான் கீது."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தின் அடியில் ஏதோ குத்தியது. துறைமுகத்தில் ஒரே ஆள் எண்ணுவது கிடையாது. கப்பல் பக்கம் ஒருவர், கரைப் பக்கம் ஒருவர். ஷிப்டு முடிந்ததும் இரண்டு தாளையும் ஒப்பிட்டு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒப்பாவிட்டால் யாரையும் திருடன் என்று சொல்லக் கூடாது; முதலில் எந்த இடத்தில் குறைகிறது என்று பார்க்க வேண்டும். முப்பத்து நான்கு வருடம் இதைச் செய்தவன், வீட்டில் ஒற்றைப் பக்கக் கணக்கை வைத்துக்கொண்டு பெண்ணைத் திருடியாக்கினேன்.

"எந்தப் பாடத்துல எவ்ளோ கொறயுதுன்னு தனித்தனியா கெடைக்குமா?" என்று கேட்டேன்.

"டிபார்ட்மெண்டுக்குப் போங்க. ரெண்டாவது மாடி. மூணர மணிக்குள்ள எழுத்துல வந்தாத்தான் நான் திருத்துவேன். அப்புறம் யார் வந்தாலும் முடியாது."

முப்பத்தெட்டுப் படி. மூச்சு வாங்கியது. நடுவில் நின்றபோது பேத்தியும் நின்றாள். கை கொடுக்கவில்லை, ஆனால் நின்றாள். துறையில் சாப்பாட்டு நேரம். ஒன்றரை வரை வராந்தாவில் காத்திருந்தோம். பிறகு அவளுடைய வகுப்புப் பொறுப்பு ஆசிரியை பாடவாரியான தாளை எடுத்துக் கொடுத்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தேன். அவள் போகாத பதினொரு நாளைத் தள்ளிப் பார்த்தால், எல்லாப் பாடத்திலும் ஒன்றிரண்டு, மூன்று நான்கு என்றுதான் குறை. தமிழில் மட்டும் பதினைந்து வருகை. தினமும் ஒரு மணி நேரம் தமிழ். அவள் போன எழுபத்தொன்பது நாளில் பதினைந்து. மீதி அறுபத்து நான்கு.

திருட்டு என்றால் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஒரே இடத்தில் மொத்தமாகக் குறைந்தால் அது தாளில் நடந்த தப்பு. இது துறைமுகத்தில் சேர்ந்த முதல் வருடமே தெரிந்த விஷயம்.

தமிழ்த் துறை எதிர்க் கட்டிடம். முதலாண்டுத் தமிழுக்கு இரண்டு வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துப் பெரிய அறையில் உட்கார வைக்கிறார்கள். தமிழ் ஆசிரியை வகுப்பில் இருந்தார். அவர் வர மணி இரண்டு முப்பத்தைந்து. பேத்தியின் முகத்தைப் பார்த்ததும், "நீயா? தெனம் ஜன்னலோரமா மூணாவது பெஞ்சுல உக்காருவியே, உன் பேரா பட்டியல்ல இருக்கு?" என்றார்.

வருகைப் பதிவேட்டைத் திறந்தார். எழுபத்தெட்டுப் பெயர்கள். அவள் பெயர் இல்லை. பழைய பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுத்தார். அதில் கடைசிப் பெயருக்கும் கீழே, கோட்டுக்கு வெளியே, பென்சிலில் அவள் பெயர். தாமதமாகச் சேர்ந்தவர்களை அப்படித்தான் எழுதிவைப்பார்களாம். எதிரே பதினைந்து நாள் குறி. புதுப் பதிவேடு போட்டபோது மையில் இருந்த பெயர்களை மட்டும் யாரோ பெயர்த்து எழுதியிருக்கிறார்கள்.

"இத்தன நாள் உன் பேரக் கூப்பிடலயே, ஏம்மா நீ கேக்கல?"

"கடைசிப் பேரு முடிஞ்சதும் நான் கை தூக்குவேன் மேம். நீங்க தலைய ஆட்டுவீங்க. போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

ஆசிரியை பேனாவை மேசைமேல் வைத்தார். "ஆமா. ஆட்டுவேன்," என்றார். "ஆனா எனக்கு ஞாபகம் இருக்குன்னு மட்டும் எழுதித் தர முடியாது. எதாவது ஒரு ஆதாரம் வேணும்."

நான் என் நோட்டை நீட்டப் போனேன். பேத்தி அதை மெல்லத் தள்ளிவிட்டு, தன் பையிலிருந்து தமிழ் நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு நாள் குறிப்புக்கு மேலும் தேதியும் டே ஆர்டரும் எழுதியிருந்தாள். அவளுக்கு அந்தப் பழக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. ஆசிரியை தான் நடத்திய பாடங்களைத் தேதிவாரியாக எழுதும் ஏட்டைத் திறந்தார். இவள் தேதியையும் பாடத்தையும் படிக்க, அவர் தன் ஏட்டில் பார்த்து "சரி" என்றார். அடுத்தது. சரி. அடுத்தது. சரி. இந்தப் பக்கம் ஒரு தாள், அந்தப் பக்கம் ஒரு தாள். என் விரல் வேட்டிமேல் தானாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று, மூன்று ஐந்து, மூன்று பன்னிரண்டு.

அறுபத்தொரு நாள் ஒப்பியது. ஒரு நாள் சிறு தேர்வு. விடைத்தாள் கட்டுக்குள் இவள் தாளும் இருந்தது. அறுபத்திரண்டு. இரண்டு நாளுக்கு இவளிடம் குறிப்பு இல்லை.

"அந்த ரெண்டு நாளும் வந்தாம்மா இவ. எங்கிட்ட நேரம் கீது, பாருங்க, ஏழு நாப்பத்திரண்டுக்குக் கெளம்புனா," என்றேன் ஆசிரியையிடம்.

"அறுபத்திரண்டே போதும் ஐயா. எம்பத்து நாலுக்கு மேல வந்துடும்."

"போதுமா போதாதாங்கறது இல்ல. வந்தது வந்ததுதானே?"

"தாத்தா, வுடு. மணி மூணு பதினெட்டு," என்றாள் பேத்தி. அவள் மணி சொல்லி அன்றுதான் கேட்டேன்.

ஆசிரியை கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார். துறைத் தலைவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். மூன்றரைக்கு நான்கு நிமிடம் இருந்தபோது பேத்தி அதை வாங்கிக்கொண்டு ஓடினாள். நான் படியில் ஒவ்வொன்றாக இறங்கி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் ஜன்னல் முன்னால் நின்றிருந்தாள். உள்ளே இருந்தவர் கணிப்பொறியில் எண்ணை மாற்றிக்கொண்டிருந்தார். ஹால் டிக்கெட் அவள் கைக்கு வந்தது மூன்று ஐம்பத்தொன்றுக்கு.

"தாத்தா நோட்டு செல்லலன்னாலும் தாத்தா செல்லும் போல கீதே," என்றார் அவர். நான் சிரிக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தாமதமாகச் சேர்ந்தவர்கள் ஒவ்வொரு பதிவேட்டிலும் உங்கள் பெயர் மையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கடிக்க மாட்டார்கள். தலையாட்டினால் போதும் என்று உட்காராதீர்கள். மாதம் ஒரு முறை பாடவாரியான தாளைப் பாருங்கள். மொத்த விழுக்காட்டை மட்டும் பார்த்தால் எந்த இடத்தில் குறைகிறது என்று தெரியாது. நோட்டில் தேதி எழுதுங்கள். முதல் மணி நேர வருகை போனால் வீட்டில் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களே, அதைச் சொல்லக்கூடிய முகத்தோடு இருங்கள்.

திரும்பும்போது மெட்ரோவில் கூட்டம். அவளுக்கு ஒரு இருக்கை கிடைத்தது; என்னை உட்கார வைத்துவிட்டு எதிரே கம்பியைப் பிடித்து நின்றாள். நான் முந்தின நாள் கேட்டதைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இன்னா தாத்தா, என்ன மூட்டன்னு நெனச்சிகினியா? எண்ணிகினே கீற?"

"இல்லம்மா. தப்புதான்."

"பீச்சான்னு கேட்ட."

"கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது."

இரண்டு நிலையம் தாண்டியதும் அவள் கையை நீட்டி என் நோட்டைக் கேட்டாள். எழுபத்தொன்பது கோடுகளும் இருந்த பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

இன்னும் திருப்பித் தரவில்லை. இரண்டாம் செமஸ்டரில் ஒவ்வொரு மாதமும் பாடவாரியான தாளைப் படம் பிடித்து அவளே எனக்கு அனுப்பினாள். துணிக்கடையைப் பற்றி மகன் பிறகு பேசவில்லை. அந்த இரண்டு மணி நேரம் மட்டும் கல்லூரிக் கணக்கில் இன்றுவரை ஏறவில்லை. அவள் அந்த இரண்டு நாளும் வகுப்பில்தான் இருந்தாள்.