நாலு பாஷையில் ஒரே தண்ணி

பக்கத்து மனையில் ஃப்ளாட் கட்டுகிற வங்காளத் தொழிலாளர்களின் கொட்டகையிலிருந்து இன்று காலை கடுகெண்ணெய் காய்கிற நெடி வந்ததும், எண்பதுகளின் ராஜகீழ்ப்பாக்கமும் எங்கள் தெருமுனைக் குழாயும் மூக்கு வழியாகவே திரும்பி வந்துவிட்டன.

அப்போது எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தவர்களில் பாதிப்பேர் ஏர்ஃபோர்ஸ்காரர்கள். மாற்றலாகி ஒரு சர்தார் குடும்பம் போனால் ஒரு வங்காளக் குடும்பம் வரும், அது போனால் ஒரு தெலுங்குக் குடும்பம், வாசலில் கறுப்பு டிரங்குப் பெட்டிகள் இறங்குவதும் ஏறுவதுமாகவே இருக்கும். குழாய்க்கோ நேரம் காலம் கிடையாது. முதலில் காற்று மட்டும் புஸ்ஸென்று சீறும் சத்தம் அம்மாவுக்குத்தான் கேட்கும், உடனே "பானி ஆ கயா!", "நீள்ளொச்சாயி!", "ஜோல் எஷேச்சே!" என்று, தண்ணி வந்த சேதியை ஒவ்வொரு வாசலுக்கும் அந்தந்த வீட்டு பாஷையில் குரல் கொடுத்துச் சொல்வாள். தன் குடம் நிரம்பும்வரை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் அவளுக்கு இன்றுவரை வரவில்லை. புதுக் குடும்பம் வந்தால் முதல் நாளே அவள் கேட்டுக்கொள்வது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். அதற்கு மேல் எந்த பாஷையிலும் ஒரு வார்த்தை தெரியாது.

இன்று கொட்டகைக்குத் தண்ணீர் லாரி வந்தது. "தண்ணி வந்துகீது, வாங்கப்பா!" என்று டிரைவர் கத்தினார். யாரும் அசையவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா ஒரே ஒரு குரல் கொடுத்தாள்: "ஜோல் எஷேச்சே!"

பத்துப் பேர் பக்கெட்டோடு ஓடிவந்தார்கள். ஒருவன் அண்ணாந்து பார்த்து, தட்டுத் தடுமாறித் தமிழில் கேட்டான்: "அம்மா, நீங்க பெங்கால்ல எந்த ஊரு?"

செங்கல்பட்டைத் தாண்டாத அம்மா சொன்னாள்: "இந்தத் தெருதான்ப்பா. பக்கெட்ட வை, தண்ணி வீணாவுது."