அம்மா வரட்டும்

சிமெண்டில் செய்த ஒரு சிங்கத்தின் திறந்த வாய்தான் அந்தப் பார்க்கின் வாசல். மேல் அண்ணத்தில் ஒலிபெருக்கியை ஒளித்துவைத்திருந்தார்கள். ஆட்கள் நுழைய நுழைய அது உறுமும். சிவப்புச் சாயம் அடித்த நாக்கின் மேல் நடந்துதான் உள்ளே போக வேண்டும். அத்தா என் தம்பியைத் தூக்கிக்கொண்டு அந்த நாக்கில் கால் வைத்தார். உறுமல் கேட்டதுமே தம்பி உடம்பை வளைத்துத் திமிறி, பின்னால் வந்த மாமாவை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டிவிட்டான். அத்தா சிரித்துக்கொண்டே அவனை மாமாவிடம் கொடுத்தார். கொடுத்த பிறகும் அவர் கைகள் கொஞ்ச நேரம் அதே வாக்கில், ஒரு பிள்ளையை ஏந்தியது போலவே நின்றன. இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அத்தாவை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் எனக்கு அந்தக் கைகள்தான் வருகின்றன.

எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். அத்தா துபாயில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். எங்கள் ஊர் திருவாரூருக்கும் கீழ்வேளூருக்கும் நடுவில். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில்தான் இருந்தார்கள். அதனால் அத்தா இல்லாதது எங்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. தம்பி அம்மா வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது விமானம் ஏறியவர், அவனுக்கு மூன்று வயது நிறைந்த பிறகுதான் இரண்டு மாத லீவில் வந்தார். அதுவரை தம்பிக்கு அத்தா என்றால் வெள்ளிக்கிழமை போனில் கேட்கும் ஒரு குரல். "அத்தா எங்கடா இருக்காங்க?" என்று யார் கேட்டாலும் "துபாய்ல" என்று சொல்ல அவனைப் பழக்கியது நான். அவன் மழலையில் அதைச் சொல்லிக் கேட்பதற்காகவே அக்கம்பக்கத்தார் அவனைக் கூப்பிடுவார்கள். அவனைக் குளிப்பாட்டியது, தோளில் போட்டுத் தூங்கவைத்தது, தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா.

வந்த முதல் நாள் அத்தா பெட்டியைத் திறந்து எனக்கு ஒரு நீல கவுனை எடுத்துக் கொடுத்தார். அவர் மனத்தில் நான் இன்னும் எட்டு வயதுப் பிள்ளை. எனக்குப் பதினொன்று முடிந்திருந்தது. கவுன் அக்குளில் பிடித்தது. அதைச் சொன்னால் அவர் முகம் வாடிவிடும் என்று அம்மா சாடை காட்டியதால் நான் சொல்லவில்லை. எனக்கும் அவரிடம் பேச்சு வராது. 'அத்தா' என்று கூப்பிடவே கூச்சமாக இருக்கும். ஏதாவது வேண்டுமென்றால் அவர் எதிரில் போய் நின்றுகொள்வேன், அவராகப் பார்த்துக் கேட்கும் வரை. தம்பியோ அவர் அறைக்குள் வந்தாலே மாமாவின் கைலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். அத்தா சாக்லேட் காட்டுவார். சாவி கொடுத்தால் ஓடும் குரங்கு பொம்மையை விடுவார். அவன் குரங்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். இருபது நாள் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் அத்தா என்னைக் கூப்பிட்டு, "தஞ்சாவூருக்கு அந்தாண்ட மிருகமா செஞ்சு வச்ச ஒரு பார்க் இருக்காம்மா. எல்லாரும் போவோமா? நீதான் எனக்கு சிபாரிசு. நீ கூட இருந்தா தம்பி அழமாட்டான்ல?" என்றார். ஒரு பெரிய மனுஷியிடம் கேட்பது போலக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

மே மாத வெயில். வேனில் அத்தா, அம்மா, மாமா, நான், தம்பி. அறுப்பு முடிந்து வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. ஆட்டுக் கிடை போட்டிருந்த இடங்களில் மட்டும் தரை கறுப்பாகத் தெரிந்தது. வழி நெடுக அத்தா தம்பிக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே வந்தார். "அங்க பாரு, ஆடு! எவ்வளவு ஆடு பாரு!" தம்பி பார்ப்பான். பார்த்துவிட்டு மாமாவிடம், "மாமா, ஆடு" என்பான். அதற்கும் அத்தா சிரித்தார். பார்க்கில் புலி முகம் வைத்த ரயில், ஒட்டகச்சிவிங்கி ஊஞ்சல், வாத்து மாதிரிப் படகு, கம்பி வலைக்குள் நாலைந்து ஈமு கோழிகள். கரடி வேஷம் போட்ட ஒருவர் வெயிலில் நின்று பிள்ளைகளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத அந்தக் கரடியிடம்கூடத் தம்பி போனான்; அதன் மூக்கைத் தொட்டுச் சிரித்தான். அத்தா தன் கேமரா போனில் அதைப் படம் பிடித்தார்.

மதியம் சாப்பிட்ட பிறகு அம்மாவுக்குத் தலைவலி. பர்தாவைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்தாள். மாமா படகுக்கு டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கப் போனார். அத்தா, "நீ இப்புடி உக்காரு. நான் பிள்ளைங்களப் பாத்துக்கிறேன்" என்றார். அவர் காலையிலிருந்தே இதற்காகத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நாங்கள் மூவரும் யானைச் சறுக்குக்குப் போனோம். யானையின் முதுகில் ஏறித் தும்பிக்கை வழியாகச் சறுக்கி வர வேண்டும். நான் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கினேன். கீழே அத்தா கையை விரித்துக்கொண்டு நின்றார். வந்த வேகத்தில் தம்பியின் முழங்கை தும்பிக்கை ஓரத்தில் உரசித் தோல் வழண்டுவிட்டது. அவன் அலறிய அலறலில் அத்தா பதறிப்போய் அவனை வாரி எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டு, மாமா நின்ற படகுத்துறைப் பக்கம் வேகவேகமாக நடந்தார். நான் பின்னால் ஓடினேன். தம்பி அவர் முதுகில் குத்தினான். "விடு! விடு! மாமாகிட்ட போறேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

அந்த நாட்களில் எங்கள் பக்கமெல்லாம் பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுவதாக ஒரு பேச்சு இருந்தது. எந்த ஊரிலும் எந்தப் பிள்ளையும் காணாமல் போனதாகத் தெரியவில்லை, ஆனால் எல்லாரும் அதையே பேசினார்கள். முதலில் ஒருவர் குறுக்கே வந்து நின்றார். "என்ன சார், பிள்ளை இந்தக் கத்து கத்துது?"

"எம்புள்ளதாங்க. அடிபட்டுருச்சு."

அவர் நகரவில்லை. இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண் தம்பியின் கன்னத்தைத் தொட்டு, "கண்ணு, அழுவாத. இது யாரு, ஒங்க அப்பாவா?" என்று கேட்டாள். தம்பி இல்லையென்று தலையாட்டினான். "அப்பா எங்கடா தங்கம்?" அவன் தேம்பலுக்கு நடுவில், நான் பழக்கியபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான்: "துபாய்ல."

யாரோ அவனை அத்தாவின் தோளிலிருந்து பிடுங்கி எடுத்தார்கள். அத்தா, "ஏங்க, கேளுங்க, இருங்க" என்றார். ஒருவர் அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். கூட்டம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, ஒரு நொடியில் சுவர் மாதிரி நின்றது. அப்போது அத்தா என்னைப் பார்த்தார். "அதோ எம் பொண்ணு. அதுகிட்ட கேளுங்க" என்றார். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. காலரைப் பிடித்திருந்தவர் குரலைத் தணித்து, பரிவாகவே கேட்டார்: "பாப்பா, பயப்படாத. இவரு யாரும்மா?"

எனக்கு வாய் வரவில்லை. மூன்றே எழுத்து. பயம்தான் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம், அதுவும் உண்மைதான். ஆனால் பயம் மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். இருபது நாளாகச் சொல்லாமல் ஒதுக்கி வைத்திருந்த சொல் அது. அத்தனை பேருக்கு முன்னால், அத்தனை கண்களுக்கு நடுவில், அந்த லீவில் அதை முதல் தடவையாகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு மனிதரை அடிக்கக் கை ஓங்கி நிற்கும்போது எனக்கு வந்தது கூச்சம். அத்தா என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சவும் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பி, பொறுமையாகக் காத்திருந்தார். நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா வரட்டும்."

அடுத்த கணம் அவர் கன்னத்தில் அறை விழுந்தது. அதற்குப் பிறகு எத்தனை விழுந்தது என்று நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது. அத்தா கத்தவில்லை. விசில் ஊதிக்கொண்டு காவலாளி வந்தார். அதற்குள் அம்மா ஓடி வந்துவிட்டாள், கால் செருப்பு ஒன்று எங்கேயோ விழுந்திருந்தது. "அய்யோ, அவங்க எம் பிள்ளைக்கு அத்தாங்க! என்னக் கட்டுன மாப்பிள்ளைங்க அவங்க!" என்று கூட்டத்துக்குள் புகுந்து அவரை மறைத்துக்கொண்டு நின்றாள். மாமாவும் வந்தார். தம்பி அவரிடம் தாவிப் போய், கழுத்தைக் கட்டிக்கொண்டு, உடனே அழுகையை நிறுத்தினான்.

காலரைப் பிடித்தவர் அத்தாவின் சட்டையை நீவிவிட்டார். "பாய், மனசுல வச்சுக்காதீங்க. காலம் அப்புடி இருக்கு. ஒங்க பொண்ணே சொல்லல, நாங்க என்ன பண்றது?" அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அத்தா உதட்டைத் துடைத்துக்கொண்டு, "அது சின்னப் பிள்ளைங்க. பயந்துருச்சு" என்றார். பிறகு, "பரவாயில்லைங்க. பிள்ளைங்க விஷயத்துல நாலு பேரு இப்புடிக் கேக்கத்தான் வேணும்" என்றும் சொன்னார். அந்த மனிதருக்கு அவர் ஆறுதல் சொல்வது போல இருந்தது.

வீட்டுக்குப் போய்விடலாம் என்று அம்மா அழுதாள். அத்தா கேட்கவில்லை. பிள்ளைகள் ஆசையாக வந்திருக்கிறார்கள், படகில் போய்விட்டுத்தான் போக வேண்டும் என்றார். வாத்துப் படகில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பெடல் மிதித்தோம். அவர் இடது கன்னம் வீங்க ஆரம்பித்திருந்தது. குளம் சின்னது, நாலு சுற்று சுற்றினோம். மூன்றாவது சுற்றில், "பசிக்குதாம்மா?" என்றார். "இல்ல" என்றேன். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் என் வாழ்க்கையில் வரவில்லை.

திரும்பும்போது வேனில் தம்பி மாமா மடியில் தூங்கிவிட்டான். தூக்கத்தில் அவன் ஒரு கால் நழுவி, பக்கத்தில் இருந்த அத்தாவின் தொடை மேல் விழுந்தது. அத்தா அசையவில்லை. வேன் குலுங்கும்போது கால் கீழே போய்விடாமல் மட்டும் விரலால் லேசாகத் தடுத்துக்கொண்டார். ஊர் வரும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கடையில் அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி, லீவு முடிய இன்னும் பல நாட்கள் இருக்கும்போதே அத்தா கிளம்பிவிட்டார். யாரும் கூப்பிடவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை போன் வந்தால் "தம்பிகிட்ட குடு" என்பதுதான் முதல் பேச்சு. அதற்குப் பிறகு "தம்பி நல்லா இருக்கானா?" என்று அம்மாவிடமே கேட்டுக்கொண்டார். பிறகும் சில முறை லீவில் வந்தார். எங்களை எங்கேயும் கூட்டிப் போகவில்லை, தம்பியை ஒரு முறைகூடத் தூக்கவில்லை. எனக்குச் சரியான அளவில் உடுப்பு வாங்கி வந்தார். அம்மாவிடம் அளவு கேட்டிருப்பார்.

இதயம் பழுதாகி அவர் ஒரேயடியாக வந்து சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். தம்பி காலேஜ் முடித்திருந்தான். அப்பனும் மகனும் ஒரே வீட்டில் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். "சாப்புட்டாச்சா?" "ஆச்சு. நீங்க?" "ம்." சண்டை இல்லை, மரியாதைக்குக் குறைவில்லை. சண்டை போடும் அளவுக்குக்கூட அவர்களுக்குள் ஒன்றும் சேர்ந்திருக்கவில்லை. ஒரு நாள் மாத்திரை கொடுக்கப் போனபோது நான் துணிந்து ஆரம்பித்தேன். "அத்தா, அன்னைக்கு அந்தப் பார்க்குல..."

"எந்தப் பார்க்கும்மா?" என்றார் உடனே. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் நெனப்பில்ல. நீ போய் பிள்ளைங்களப் பாரு" என்றார். மறந்துவிட்டாரா, என்னை அந்தப் பேச்சிலிருந்து காப்பாற்றினாரா, இல்லை, அந்த மன்னிப்பை எனக்குத் தர விரும்பவில்லையா? எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் அவர் போய்விட்டார்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அக்கா, அத்தாவப் பத்தி எனக்குச் சொல்ல எதுவுமே இல்லக்கா. எல்லாரும் ஏதோ ஒண்ணு சொல்றாங்க. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப என்னை எங்கயாச்சும் கூட்டிப் போயிருக்காங்களா?" என்றான். ஒரு பார்க்குக்குப் போனோம் என்றேன். யானைச் சறுக்கில் நீ வேகமாக வந்தாய், அத்தா கீழே நின்று உன்னைப் பிடித்து அணைத்துக்கொண்டார், நீ சிரித்தாய் என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

போன மாதம் அவன் சிநேகிதர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். டீ கொண்டுபோனபோது அவன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "எனக்கே நல்லா ஞாபகம் இருக்குடா. எங்க அத்தா வெள்ளச் சட்ட போட்டிருந்தாங்க. என்னைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு பார்க் முழுக்க நடந்தாங்க. நான் எறங்கவே மாட்டேன்னு கழுத்தக் கட்டிக்கிட்டேன்." வெள்ளைச் சட்டையை நான் சொல்லவில்லை. தோளில் வைத்து நடந்ததையும் சொல்லவில்லை. அவன் என் பக்கம் திரும்பினான். "இல்லக்கா?"

"ஆமா" என்றேன். தட்டிலிருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள் கையில் கொடுத்தேன்.