பத்தொன்பது சரணம்

“இந்த மெட்டு எண்ணூர்க்காரன் போட்டது இல்ல. ராயபுரம் கோயில்ல தவக்காலத்துக்குப் பாடறது. ஹார்பர்ல மூட்ட தூக்கின எங்காளுங்கதான் அத்த ஸ்ட்ரைக்குக்கு இஸ்துகினு வந்தானுங்க” என்று ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டிருந்தார் ஸ்டானிஸ்லாஸ். திருவொற்றியூர் கன்டெய்னர் கிடங்கின் வாசல். சாப்பாட்டு நேரம் அரை மணி. பன்னிரண்டு நிமிடம் போயும் பாட்டு தொடங்கவில்லை. சங்கக் கிளைச் செயலாளர் டெபோராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடைவாயில் ஒரு கிராம்பு, தாளத்துக்கு டீக்கடை பிஸ்கட் டின். ஒவ்வொரு வேலைநிறுத்தத்துக்கும் அந்தப் பாட்டில் ஒரு சரணம் கூடும். அதில் வேலை போனவர்களின் பெயர்கள் வரும். “வேலைய வுட்டு நிறுத்துனியே, பாட்ட வுட்டு நிறுத்துவியா” என்று பல்லவி. இப்போது பத்தொன்பது சரணம். எந்தச் சரணம் எந்த வருஷம், யார் கட்டியது என்று சொல்லாமல் வாய் திறக்க மாட்டார். கைப்பேசியில் பிடிக்க வருபவர்களிடம், “முழுசா எடு, இல்லாங்காட்டி எடுக்காத” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

கையுறை கேட்டதற்காக ஒன்பது ஒப்பந்தப் பெண்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியதும் நிரந்தரத் தொழிலாளர்கள் உள்ளே போகாமல் நின்றால்தான் நிர்வாகம் பேச வரும். அதற்கு நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும், மூன்று சரணத்தோடு முடியுங்கள் என்று காலையிலேயே அவரிடம் டெபோரா கெஞ்சியிருந்தாள். “எவன் பேரத் தூக்கறது, நீயே சொல்லு” என்றார் மனிதர். அவளுக்குக் கோபம்தான் கூடியது.

ஒருவழியாகப் பாடத் தொடங்கி ஏழாவது சரணத்துக்கு வந்தபோது நான்கு நிமிடம் மிச்சமிருந்தது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டாள். நன்றாகவே பேசினாள். எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். சங்கு ஊதியது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராக வாசலை நோக்கி நடந்தார்கள். டெபோராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முன்னால் போன ஐரீன் நின்றாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவள், அவள் போனால் ஷிப்டே பின்னால் போகும்.

“இன்னாக்கா, பாதில புடுங்கிட்ட? பதினோராவதுல எங்கப்பா சிலுவைமுத்து பேரு வர்து. அத்த கேக்காம எப்டி உள்ள போவறது?”

வாசல் கோட்டுக்கு இந்தப் பக்கமே அவள் கையைக் கட்டிக்கொண்டாள். தன் சித்தப்பா பதினாலாவதில் இருக்கிறார் என்றார் பின்னால் வந்தவர். ஒவ்வொருவராக நின்றார்கள். கேட்டைப் பாதி இழுத்த காவலாளி, வருகிறீர்களா இல்லையா என்று கத்திப் பார்த்தான். யாரும் அசையவில்லை.

டெபோரா ஒலிவாங்கியை ஸ்டானிஸ்லாஸிடம் நீட்டினாள். “விட்ட இடத்துலேர்ந்து பாடுங்கண்ணா, போதும்.”

அவர் வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமி, முதல் சரணத்திலிருந்து ஆரம்பித்தார்.