இரண்டு வருடத்துக் கண்வலி

என் கல்யாணத்தில் அப்பா மூன்று நாளும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தார். கண்வலி என்று சொல்லியிருந்தோம். வலியும் இல்லை, ஒன்றும் இல்லை, அவருக்குப் பூனைக்கண். ஓமலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அது எல்லோருக்கும் பழகிப்போன கண். மாப்பிள்ளை வீடோ தூரத்தில், ஜேடர்பாளையத்தில், காவிரித் தண்ணீர் பாயும் தோட்டத்தோடு இருந்தது. பூனைக்கண் உள்ள குடும்பத்தில் பெண் எடுத்தால் விளங்காது என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அம்மாவைப் போலக் கறுத்த கண். அதனால் அப்பாவை மட்டும் மறைத்தால் போதும் என்று பெரியப்பா யோசனை சொல்லி, சேலம் கடைவீதியில் கண்ணாடியும் வாங்கி வந்தார். பெண் பார்க்க வந்த அன்றே அது அப்பாவின் மூக்கில் ஏறிவிட்டது.

கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடந்தது. யாரோ பெரிய உத்தியோகஸ்தர் என்று எண்ணி அங்கிருந்த பிள்ளைகள் அப்பாவைக் கண்டு ஒதுங்கி நின்றன. என் மாமியார் மட்டும் உண்மையாகவே இரக்கப்பட்டார். காலையில் நந்தியாவட்டைப் பூவைப் பறித்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவார். நான் மணவறையில் தலையைக் குனிந்திருந்தது வெட்கத்தால் அல்ல, சிரிப்பை அடக்கத்தான்.

பொய்யை மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்ததுதான் பெரியப்பாவின் தப்பு. பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு வராமல் இருக்க முடியுமா? ஆடி, தீபாவளி, பொங்கல் என்று ஒவ்வொரு தடவையும் அப்பா கண்வலியோடுதான் வண்டியை விட்டு இறங்கினார். மாமியார் அவருக்காகவே கிணற்றடியில் ஒரு நந்தியாவட்டைச் செடி நட்டார். செடி வளர்ந்து பூவும் பூத்தது. அப்பாவின் கண்வலி தீரவில்லை.

அதற்குள் எனக்கு மகன் பிறந்தான். ஐந்தாம் மாதம் அவனைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்கு வந்தேன். பிறந்தபோது அவன் கண் இன்ன நிறம் என்று சொல்ல முடியாமல் மங்கலாக இருந்தது. வந்த சில நாளில், ஒரு காலை வெயிலில் அவன் முகத்தைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. ஆற்றுப் பாசியின் நிறம். அச்சு அசல் அப்பாவின் கண்.

கைக்குழந்தைக்குக் கறுப்புக் கண்ணாடியா மாட்ட முடியும்? கண்ணைச் சுற்றி அப்பு அப்பு என்று மையை அப்பினேன். என் வீட்டுக்காரர் விடியுமுன் தோட்டத்துக்குப் போய் விளக்கு வைத்தபின் வருகிறவர்; விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் கண்ணும் ஒரே நிறம்தான். மாமியாரை எண்ணித்தான் பயம். ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்று தெரிந்தால் பிள்ளையோடு என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கோ அந்த வீடு பிடித்துப்போயிருந்தது. மாமியாரையும் பிடித்திருந்தது, அதுதான் பெரிய வேதனை.

ஒரு சனிக்கிழமை மாமியாரே காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். மை கரைந்து வழிந்தது. பிள்ளை கண்ணை நன்றாகத் திறந்து அவரைப் பார்த்துச் சிரித்தான். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. அவசரமாகத் துவட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, மாமனாரிடம் போய் ஏதோ சொன்னார். உடனே வண்டி பூட்டினார்கள். எனக்குத்தான் என்று நினைத்து, என் சேலைகளையும் பிள்ளையின் துணியையும் மூட்டையாகக் கட்டிவைத்தேன். வண்டி என்னை ஏற்றாமலே எடப்பாடிக்குப் போனது.

மூன்றாம் நாள் அந்த வண்டியில் மாமனாரின் அக்கா வந்து இறங்கினார். கால்வலி என்று எங்கள் கல்யாணத்துக்கே வராதவர். இப்போது விறுவிறுவென்று நடந்து வந்து, என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். பார்த்தால், அவருக்கும் பாசி நிறக் கண்.

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு எங்க மேலதான் சாமி. இவீங்களுக்குக் கால்வலியெல்லாம் ஒண்ணுமில்ல. நாங்கதான் கண்ணாலத்துக்கு வர வேண்டாம்னுட்டோம். பையன் எங்க ஊட்டுக் கண்ணைக் கொண்டுட்டு வந்துட்டான். உங்கப்பாருக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாரோ."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "எங்கப்பாவுக்குக் கண்வலியும் இல்லீங்க அத்தை" என்றேன்.

அவர் கிணற்றடிச் செடியை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பாவுக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து கண்ணாடியைக் கழற்றி, இந்த வீட்டுச் சுவர் நீல நிறமா என்று முதல் கேள்வி கேட்டார். அன்று முதல் என் மகன் எந்த வீட்டுக் கண் என்று இரண்டு வீட்டுக்கும் ஓயாத வழக்கு.

அந்த வழக்கைக் கல்லூரிக்குப் போன மகனே தீர்த்துவைத்தான். மாமியாரின் முறத்தில் புளியங்கொட்டையையும் பருத்திக்கொட்டையையும் வைத்துச் சொன்னான். ஒவ்வொருவருக்கும் இரண்டு கொட்டை, அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. கறுப்பான புளியங்கொட்டை ஒன்று இருந்தாலே கண் கறுப்பு. பருத்திக்கொட்டை அதனடியில் ஒடுங்கிக் கிடக்கும், அழிந்துபோகாது. எனக்குள் ஒன்று, என் வீட்டுக்காரருக்குள் ஒன்று என்று தெரியாமலே வைத்திருந்தோம். இரண்டும் அவனிடம் சேர்ந்ததால் கண் பாசி நிறமானது. ஒரு வீடு மட்டும் கொடுத்திருந்தால் வந்திருக்காது. கண் விஷயம் இதைவிடச் சிக்கல் என்று இப்போது படித்தவர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு அந்த முறத்தளவு போதுமாக இருந்தது. மாமியார் அந்தப் பருத்திக்கொட்டைகளை நெடுநேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் வீட்டார் பாயை விரித்து உட்காரச் சொன்னார்கள். மாமியார் உட்காரவில்லை. பேரனைக் கையைப் பிடித்து வாசல் வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்.

"பையனுக்குப் பூனைக்கண்ணுங்க," என்றார். "நல்லா வெளிச்சத்துல பாத்துக்கோங்க."